நீக்கப் பட்டியல் நீக்கப்பட்ட கதை

1

1991 தொடக்கத்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெல் நிறுவனத்தின் 386 புராசஸர் பொருத்திய கணினி ஒன்றை வாங்கினார். அந்தப் புராசஸரின் இயல்புகளைக் கற்கும் முயற்சியாக அவர் எழுதத் தொடங்கிய நிரல், அவ்வாண்டு செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலின் முதல் பதிப்பாக வெளிவந்தது. நினைவகம், வட்டு, வலைப்பின்னல், திரை ஆகிய வன்பொருள்களுக்கும் பயனர் இயக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று பணிசெய்யும் இயங்குதளத்தின் உட்பகுதியே கெர்னல் எனப்படும். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை லினக்ஸ் கெர்னல் இயங்குகிறது. பிறந்தபோது அது அறிந்திருந்த புராசஸர் 386 ஒன்றே. பிற புராசஸர்களுக்குப் பெயர்த்துச் செல்லத் தக்கதன்று என்றே அதன் ஆசிரியர் முதல் அறிவிப்பில் எழுதியிருந்தார்.

2012 டிசம்பரில், அதே 386 புராசஸருக்கான ஆதரவு லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கத்தை முன்மொழிந்த இங்கோ மோல்னார், 1991-இல் வாங்கிய பழைய 386 கணினியில் இனிப் புதிய லினக்ஸ் இயங்காது என்பதைச் சற்றே விளையாட்டான வருத்தத்துடன் சுட்டிக்காட்டினார். தமக்கு அத்தகைய ஏக்கம் ஏதுமில்லை என்று கூறி டோர்வால்ட்ஸ் அதனை ஏற்றுக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பு, தான் பிறந்த இயந்திரத்தில் இயங்க மறுத்த முதல் லினக்ஸ் ஆயிற்று.

இந்நிகழ்வு பலராலும் பேசப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2012 அக்டோபரில் நிகழ்ந்த மற்றொரு நீக்கம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. எந்தெந்த வசதிகள் எந்தெந்த நாளில் கெர்னலிலிருந்து நீக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவிப்பதற்காகவே பேணப்பட்டு வந்த ஒரு கோப்பை டோர்வால்ட்ஸ் நீக்கினார். பழையவற்றை நாட்காட்டியைக் கொண்டு அகற்ற முயன்ற ஒரு காலகட்டம் அத்துடன் முடிவுக்கு வந்தது. அக்கோப்பு ஏன் தோன்றிற்று, ஏன் தோற்றது, அதன் இடத்தை எது பிடித்தது என்பவை மென்பொருள் வரலாற்றில் ஓர் அடிப்படைச் சிக்கலை வெளிக்கொணர்கின்றன. ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று அறிவது எளிது. அதனை இன்னும் யார் நம்பியிருக்கிறார்கள் என்று அறிவதே கடினம்.

2

கெர்னல் உருவாக்குநர்கள் இரண்டு வகையான இடைமுகங்களை வேறுபடுத்துகின்றனர். முதலாவது, கெர்னலின் உட்பகுதிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை. இதற்கு எந்த உறுதிமொழியும் கிடையாது. இன்றிருக்கும் உட்செயல்பாடு அடுத்த பதிப்பில் முற்றிலும் மாறலாம். இரண்டாவது, வெளியே இருக்கும் பயனர் நிரல்களுடன் கெர்னல் பேசும் முறை. இங்கே விதி கடுமையானது. நேற்று இயங்கிய நிரல் ஒன்று கெர்னல் மாற்றத்தால் இன்று இயங்காமற் போனால், பிழை அந்நிரலுடையது அன்று, கெர்னலுடையது என்பதே டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வலியுறுத்தி வரும் நிலைப்பாடு.

இவ்விரண்டாம் விதியை அப்படியே கடைப்பிடித்தால் எதையும் ஒருபோதும் நீக்க இயலாது. ஆயினும் நடைமுறையில் ஒரு வாயில் திறந்தே இருந்தது. யாரும் கவனிக்காத முறிவு முறிவாகக் கருதப்படுவதில்லை. அதாவது, ஒரு வசதியைப் பயன்படுத்துவோர் எவருமில்லை எனின் அதனை அகற்றலாம். ஆனால் எவருமில்லை என்பதை மெய்ப்பிப்பது எங்ஙனம்? லினக்ஸைப் பதிவிறக்குவோர் தம் பெயரைப் பதிவதில்லை. பயன்பாட்டைக் கணக்கெடுத்து அனுப்பும் ஏற்பாடும் கெர்னலில் இல்லை. பயனர் உள்ளார் என்பதற்குச் சான்று கிட்டலாம்; இல்லை என்பதற்கு மௌனம் ஒன்றே சான்று.

தொடக்க காலத்தில் இச்சிக்கல் கூர்மை பெறவில்லை. அப்போது பதிப்பெண்களே எல்லைக்கற்களாக இருந்தன. 2.4, 2.6 போன்ற இரட்டைப்படை எண்கள் நிலையான பதிப்புகளையும், 2.5 போன்ற ஒற்றைப்படை எண்கள் வளர்ச்சிப் பதிப்புகளையும் குறித்தன. பெரும் மாற்றங்கள் ஒற்றைப்படைக் காலத்தில் நிகழும். புதிய இரட்டைப்படைப் பதிப்புக்கு மாறும் பயனர், சில பழைய வசதிகள் மறைந்திருக்கும் என்பதை எதிர்பார்த்தே மாறுவார். 2003 டிசம்பரில் 2.6 வெளிவந்தது. 2004-இல் ஒட்டாவாவில் கூடிய கெர்னல் உருவாக்குநர்கள், 2.7 என்றொரு தனிக்கிளையை உடனே தொடங்காமல், 2.6 வரிசையிலேயே தொடர்ந்து வளர்ச்சியை மேற்கொள்ள உடன்பட்டனர். அம்முடிவால் புதியவை விரைந்து பயனரைச் சென்றடைந்தன. அதே வேளையில், பழையவற்றை விட்டுச்செல்வதற்கு இயல்பாக அமைந்திருந்த எல்லைக்கல் மறைந்துபோயிற்று.

3

இச்சூழலில் தோன்றியதே மேற்குறித்த கோப்பு. கெர்னலுடன் வரும் ஆவணங்களினிடையே, வசதி நீக்க அட்டவணை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் அது வைக்கப்பட்டது. ஒவ்வொரு பதிவும் ஒரே வடிவில் அமைந்தது: எது, எப்போது, ஏன், யார். எந்த வசதி நீக்கப்படும், எந்த மாதம் நீக்கப்படும், காரணம் யாது, நீக்கும் பொறுப்பு யாருடையது என்ற நான்கு வினாக்களுக்கு விடை எழுதினால் ஒரு பதிவு நிறைவுபெறும். அதன் எளிமையே அதன் கவர்ச்சியாக இருந்தது.

தொடக்க காலப் பதிவுகளுள் குறிப்பிடத்தக்கது டெவ்எஃப்எஸ் பற்றியது. கணினியில் பொருத்தப்பட்ட வட்டு, அச்சுப்பொறி போன்ற கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் இம்முறையை ரிச்சர்ட் கூச் எழுதினார். 2000-இல் அது கெர்னலில் சேர்ந்தது. கருவிகளுக்குப் பெயரிடும் அதிகாரத்தைக் கெர்னலே எடுத்துக்கொண்டது என்பதும், தீர்க்க இயலாத உட்பிழைகள் சில அதில் இருந்தன என்பதும் அதன்மீது சொல்லப்பட்ட குறைகள். கிரெக் குரோவா-ஹார்ட்மன் முன்னெடுத்த யூடெவ் என்னும் மாற்றுமுறை அப்பணியைக் கெர்னலுக்கு வெளியே செய்தது. 2004-லேயே டெவ்எஃப்எஸ்ஸை அகற்றிவிட அவர் முயன்றார். முன்னறிவிப்பு தேவை என்று பிறர் கருதியதால், அட்டவணையில் 2005 ஜூலை என்று நாள் குறிக்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் வெளிவந்த 2.6.13 பதிப்பில் அதனைத் தேர்ந்தெடுக்கும் வழி அடைக்கப்பட்டது. 2006 செப்டம்பரில் வந்த 2.6.18 பதிப்பில் நிரலும் முழுமையாக அகற்றப்பட்டது. இந்த ஓர் எடுத்துக்காட்டை மட்டும் பார்த்தால், அட்டவணை ஏறத்தாழ வெற்றிபெற்றது என்றே கூறத் தோன்றும்.

மற்றொரு பதிவு வேறு கதை சொல்கிறது. வட்டினைக் கெர்னலின் இடைச்சேமிப்பு ஏதுமின்றி நேரடியாக அணுகுவதற்கு ரா டிரைவர் என்னும் பகுதி இருந்தது. பெரிய தரவுத்தள மென்பொருள்கள் அதனை நாடின. கோப்பைத் திறக்கும்போதே நேரடி அணுக்கத்தைக் கோரும் சிறந்த வழி பின்னர் வந்துவிட்டமையால், 2004-இல் வெளிவந்த 2.6.3 பதிப்பிலிருந்தே ரா டிரைவர் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தது. அட்டவணை அதற்கு 2005 டிசம்பரை இறுதி நாளாகக் குறித்தது. அந்த டிசம்பர் கடந்தது. ரா டிரைவர் அசையவில்லை. கெர்னலிலிருந்து அது உண்மையில் அகற்றப்பட்டது 2021-இல், 5.14 பதிப்பின்போது. குறித்த நாளுக்கும் நடந்த நாளுக்கும் இடையே 15 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அதற்குள் அந்த அட்டவணையே மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

4

அட்டவணை ஏன் தோற்றது? முதற்காரணம், அதனைப் படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. கெர்னலின் மூலநிரலுக்குள் புதைந்திருக்கும் ஓர் ஆவணத்தைக் கெர்னல் உருவாக்குநர்தாம் படிப்பர். பாதிக்கப்படப் போகும் பயனரோ, ஒரு வங்கியின் தரவுத்தளத்தைப் பேணும் பணியாளராகவோ, ஆய்வகத்தில் பழைய அளவீட்டுக் கருவியை ஓட்டும் மாணவராகவோ இருப்பார். அவருடைய கணினிக்குக் கெர்னல் நேரடியாக வருவதில்லை. டெபியன், ரெட் ஹேட் போன்ற வழங்கல்களின் வழியாகவே வருகிறது. நிறுவனங்களுக்கான வழங்கல்கள் ஒரே கெர்னல் பதிப்பைப் பத்தாண்டு வரை பேணுவதுண்டு. இன்று அறிவிக்கப்படும் நீக்கத்தின் விளைவை அத்தகைய பயனர் பல ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்வார். அப்போது அவர் எழுப்பும் குரல், முடிவெடுத்தவர்கள் அதனை மறந்த பிறகே வந்து சேரும்.

இரண்டாவது காரணம் நாளின் இயல்பைப் பற்றியது. 2005 டிசம்பர் என்று எழுதுவதால் ஒரு வசதியின் பயனர் எண்ணிக்கை குறைந்துவிடாது. நாள் வந்தபோது பயனர் இருந்தால் நீக்க முடிவதில்லை. பயனர் இல்லையெனின் அந்த நாளுக்காகக் காத்திருந்ததில் பொருளில்லை. இரு நிலையிலும் நாட்காட்டி முடிவைத் தருவதில்லை.

மூன்றாவது காரணம் நுண்மையானது. அட்டவணையில் பெயர் எழுதப்பட்டுவிட்டது என்பது நீக்குவோர்க்கு ஒருவகை மனநிறைவைத் தந்தது. முன்னறிவிப்புச் செய்தாயிற்று, இனிக் குறைகூற இடமில்லை என்னும் எண்ணம் எழுந்தது. சட்டத்தில் அறிவிப்பாணை ஒட்டுவது போன்ற நடைமுறை அது. கதவில் ஒட்டிய தாளை வீட்டுக்காரர் பார்த்தாரா என்பது ஒட்டியவரின் கவலையாக இருப்பதில்லை. நிரல் முறிந்தால் பிழை கெர்னலுடையது என்னும் மூலவிதியோடு இம்மனநிலை ஒட்டாது. பட்டியலில் எழுதியிருந்தோம் என்ற விடை, நின்றுபோன கணினியை மீண்டும் ஓட வைக்காது.

2012 அக்டோபரில் அட்டவணை அகற்றப்பட்டதன் பொருள், இனி எதுவும் நீக்கப்படாது என்பதன்று. அதன் பின்னர் நீக்கங்கள் பெருகவே செய்தன. மாறியது நீக்கத்திற்கு முன் எழுப்பப்படும் வினா.

5

நாட்காட்டிக்கு மாற்றாக முதலில் வளர்ந்தவை அடையாளக் குறிப்புகளும் எச்சரிக்கைகளும். அட்டவணை உயிரோடிருந்த காலத்திலேயே, 2006-இல், கெர்னலின் வெளி இடைமுகங்களை விவரிக்கும் ஆவணங்கள் நான்காக வகுக்கப்பட்டன: நிலைபெற்றவை, சோதனையில் இருப்பவை, வழக்கொழிந்தவை, நீக்கப்பட்டவை. சொற்களுக்கு வழக்கு, அருவழக்கு, வழக்கொழிவு என்று குறியிடும் அகராதி முறையை இது நினைவூட்டும். ஆனால் ஒரு வேறுபாடு முதன்மையானது. வழக்கொழிந்த சொல் அகராதியில் நீடிப்பதால் பிற சொற்களின் பொருளோ எழுத்தோ மாறுவதில்லை. வழக்கொழிந்த நிரற்பகுதி நீடித்தால், அதனைத் தொட்டுச்செல்லும் ஒவ்வொரு புதிய மாற்றமும் அதற்கும் இடம்விட்டு எழுதப்பட வேண்டும். அகராதி பழைய சொல்லைச் சுமப்பதில் செலவு ஒரு வரி. கெர்னல் பழைய வசதியைச் சுமப்பதில் செலவு ஒவ்வோர் ஆண்டும் வளரும்.

எச்சரிக்கை முறைக்குச் சிறந்த சான்று சிஸ்கண்ட்ரோல் என்னும் சிஸ்டம் கால். கெர்னலின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் எண்களால் ஆன முகவரிகளை அது பயன்படுத்தியது. அதே பணியைப் பெயர்களால் ஆன கோப்புகளின் வழியே செய்வது எளிதாகிவிட்ட பின்னர் அதன் தேவை குன்றியது. அட்டவணை ஒருகாலத்தில் அதற்கு 2010 செப்டம்பரைக் குறித்திருந்தது, அந்நாளும் கடந்துபோயிற்று. ஆனால் 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 பதிப்பு முதலே, எந்த நிரலாவது அதனை அழைத்தால் கணினியின் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதப்பட்டு வந்தது. எச்சரிக்கை, பயன்படுத்துபவரின் கணினியிலேயே, பயன்படுத்திய அக்கணத்திலேயே தோன்றும். படிக்கப்படாத ஆவணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில் அந்தச் சிஸ்டம் கால் அகற்றப்பட்டது. எச்சரிக்கை தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

6

இவ்வளவு பொறுமை காட்டும் ஒரு சமூகம், 386-ஐ ஏன் விட்டுவைக்கவில்லை? விடை, சுமப்பவரின் பக்கத்தில் இருக்கிறது.

ஓர் இடத்திலுள்ள எண்ணை ஒப்பிட்டு, எதிர்பார்த்த எண்ணாக இருந்தால் மட்டும் மாற்றி எழுதுவது என்னும் செயலை இடையறாது ஒரே கட்டளையில் முடிக்கும் திறன் 486 முதற்கொண்டே வந்தது. பல புராசஸர்கள் ஒருசேர இயங்கும் இன்றைய கணினிகளில் பூட்டுகளும் எண்ணிகளும் இத்திறனை அடித்தளமாகக் கொண்டவை. 386-இல் அது இல்லை. மேலும், எழுதக்கூடாது என்று காக்கப்பட்ட நினைவகப் பக்கத்தில் கெர்னலே எழுத முற்பட்டால் 386 அதனைத் தடுக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் நிரலே சோதித்தறிய வேண்டியிருந்தது. நீக்கப்பட்ட வரிகள் எண்ணிக்கையில் அதிகமில்லை. ஆனால் ஒத்திசைவு பற்றிய ஒவ்வொரு புதிய சிந்தனையும், இது 386-இல் என்னவாகும் என்னும் வினாவில் சற்றே நின்று செல்ல வேண்டியிருந்தது. இன்டெல் 386-இன் உற்பத்தியை 2007-லேயே நிறுத்திவிட்டது. பழைய கணினியை வைத்திருப்போர்க்குப் பழைய கெர்னல் பதிப்புகள் எப்போதும் கிடைக்கும். ஒருபுறம் ஏறத்தாழ இல்லாத பயனர், மறுபுறம் நாள்தோறும் தடுக்கி விழும் பராமரிப்பாளர் என்னும் நிலையில் தராசு சாய்ந்தது.

இங்கே மனிதரின் உழைப்பு பற்றிய வினா எழுகிறது. கெர்னலின் பெரும்பகுதியை நிறுவனங்களின் ஊதியம் பெறுவோர் எழுதினாலும், பழைய மூலைகளைப் பேணுவது பெரும்பாலும் எவருடைய ஊதியப் பணியும் அன்று. ஒரு பொதுமாற்றத்தைக் கொண்டுவருபவர், தாம் கண்டிராத இயந்திரத்துக்கான நிரலையும் திருத்தித்தர வேண்டும். திருத்தியது சரியா என்று ஓட்டிப் பார்க்க அவரிடம் அந்த இயந்திரம் இராது. சோதிக்கப்படாத நிரல் இருந்தும் இல்லாததற்கு ஒப்பு. சில வேளைகளில் அதனினும் தீது. இயங்கும் என்று நம்பி வருபவரை அது ஏமாற்றும். பாதுகாப்புக் குறைகளும் அத்தகைய இருட்டு மூலைகளிலேதான் நீடிக்கும்.

7

2018-இல் இச்சிக்கல் பெரிய அளவில் கையாளப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த 4.17 பதிப்பிலிருந்து எட்டுப் புராசஸர் வகைகளுக்கான ஆதரவை ஆர்ண்ட் பெர்க்மன் அகற்றினார். பிளாக்ஃபின், கிரிஸ், எஃப்ஆர்வி, எம்32ஆர், மெட்டாக், எம்என்10300, ஸ்கோர், டைல் என்பவை அவை. ஏறத்தாழ 5 லட்சம் வரிகள் மறைந்தன. முந்தைய பதிப்பைவிட அளவிற் சிறிய பதிப்பாக 4.17 அமைந்தது. கெர்னல் வரலாற்றில் அது மிக அரிது.

பெர்க்மன் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இந்தப் புராசஸருக்கு இன்றைய கம்பைலர் உள்ளதா, புதிய கெர்னலை யாரேனும் அதில் ஓட்டிப் பார்க்கின்றனரா, பராமரிப்பாளர் என்று பெயர் உள்ளவர் விடையளிக்கிறாரா என்பனவே ஆராயப்பட்டன. அவர் கண்ட பொதுத்தன்மையும் கருதத்தக்கது. சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் தன் வலைக்கேமராக்களுக்காக உருவாக்கிய கிரிஸ், அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் பிளாக்ஃபின், புஜித்சுவின் எஃப்ஆர்வி என ஒவ்வொன்றும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நோக்கில் பிறந்தவை. முடிவு மட்டும் ஒன்றே. சிப், புராசஸர் வடிவமைப்பு, அதற்கான மென்பொருட்சூழல் ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனம் தாங்கிநின்றது. பிறரிடம் உரிமம் பெற்ற வடிவமைப்பைப் பயன்படுத்துவது அதனினும் மலிவானபோது அந்நிறுவனமே தன் படைப்பைக் கைவிட்டது. பேசுவோர் ஒரே ஊரில் மட்டும் வாழும் மொழிக்கு நேர்வதும் இத்தகையதே. அவ்வூர் பெயர்ந்தால் மொழிக்கு வேறு புகலிடம் இல்லை.

8

பொதுவெளியில் கேட்பது வெறும் சடங்கு அன்று என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்று.

ஹிட்டாச்சியின் சூப்பர்எச் புராசஸர், 1998-இல் வெளிவந்த சேகா டிரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியில் இடம்பெற்றது. 2023 ஜனவரியில் அதற்கான ஆதரவை நீக்கும் முன்மொழிவு வந்தது. பல ஆண்டுகளாகப் பிழைத்திருத்தங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தமையே காரணம். முன்மொழிவைக் கண்டு, டெபியனில் அப்புராசஸருக்கான பணியை ஏற்றிருந்த தன்னார்வலர் முன்வந்து பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நீக்கம் கைவிடப்பட்டது. ஒரு வசதியைக் காக்க வேண்டியவரை, அதை நீக்கப்போகிறோம் என்ற அறிவிப்பே வரவழைத்தது.

எச்8/300 என்னும் மற்றொரு ஹிட்டாச்சிப் புராசஸரின் கதை இன்னும் விந்தையானது. பேணுவாரின்மையால் 2013-இல் அது நீக்கப்பட்டு, 2014 தொடக்கத்தில் வந்த 3.13 பதிப்பில் இல்லாமற் போயிற்று. 2015-இல் அதன் பழைய பராமரிப்பாளரே நிரலைச் செப்பம் செய்து திரும்பக் கொணர்ந்தார், 4.2 பதிப்பில் அது மீண்டும் இடம்பெற்றது. மீண்டும் கவனிப்பு குன்றி, 2022-இல் வந்த 5.19 பதிப்பில் இரண்டாம் முறையாக நீங்கிற்று. நீக்கம் என்பது அழிப்பு அன்று என்பதை இது காட்டுகிறது. ஒவ்வொரு பழைய வரியும் பதிப்பு வரலாற்றில் பத்திரமாக உள்ளது. மீட்க விரும்புவோர் மீட்கலாம். தேவைப்படுவது, மீட்டதை நாள்தோறும் சுமக்கும் ஒருவர்.

9

இவ்வரலாற்றின் பிற்பகுதியில் நாட்காட்டி மீண்டும் வருகிறது. ஆனால் வேறு இடத்தில் வருகிறது. ரைசர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, 2001-இல் 2.4.1 பதிப்பில் சேர்ந்தது. மின்சாரம் தடைப்பட்டாலும் வட்டின் ஒழுங்கு குலையாமல் காக்கும் நிகழ்வேட்டு முறையை லினக்ஸ் கெர்னலுக்குள் முதலில் கொண்டுவந்தது அதுவே. பின்னர் அதனைவிடச் சிறந்தவை வந்தன. அதை உருவாக்கிய ஹான்ஸ் ரைசர் தம் மனைவியைக் கொன்ற குற்றத்திற்காக 2008-இல் தண்டிக்கப்பட்டார். எனினும் அதன்பின் 16 ஆண்டுகளுக்கு மேலாக அந்நிரல் கெர்னலில் நீடித்தது. பயனர் இருந்தனர் என்பதே போதிய காரணமாக இருந்தது.

2022-இல் மேத்யூ வில்காக்ஸ் அதன் நீக்கம் பற்றி வினவினார். கோப்பு முறைமைகளுக்குப் பொதுவான உட்கட்டமைப்பை மாற்ற முயல்வோர்க்கு ரைசர்எஃப்எஸ் தடையாக இருந்தது. 2038-க்கு அப்பாற்பட்ட நாட்களைக் குறிக்கவும் அதனால் இயலாது. இன்னும் பயன்படுத்துவதாகச் சிலர் விடையளித்தனர். புராசஸர் போலன்றிக் கோப்பு முறைமையில் இருப்பது மக்களின் தரவு; அதனை வேறிடம் பெயர்க்கக் காலம் வேண்டும். ஆகவே அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த 5.18 பதிப்பில் அது வழக்கொழிந்ததாகக் குறிக்கப்பட்டு, 2025-இல் நீக்கப்படும் என்னும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அந்த வாக்கு காக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் ரைசர்எஃப்எஸ் இல்லை.

ரா டிரைவரின் நாள் 15 ஆண்டு பிழைத்தது. ரைசர்எஃப்எஸ்ஸின் நாள் பிழைக்கவில்லை. வேறுபாடு வரிசையில் உள்ளது. முன்னதில் நாளைக் குறித்துவிட்டு, பயனர் உளரா என்பது பின்னர் தெரியவந்தது. பின்னதில் பயனரைக் கேட்டு, அவர்க்கு எவ்வளவு காலம் தேவை என்று அறிந்து, அதன் பின்னர் நாள் குறிக்கப்பட்டது.

இட்டானியம் புராசஸரின் முடிவிலும் இவ்வரிசையைக் காணலாம். 2001-இல் இன்டெல்லும் எச்பியும் பெரும் எதிர்பார்ப்புடன் சந்தைக்குக் கொணர்ந்த அதற்கான நிரல், 2021-இல் பேணுவாரற்றதாக அறிவிக்கப்பட்டது. இன்டெல் தன் கடைசி இட்டானியத்தை அனுப்பியதும் அவ்வாண்டே. நீக்கம் 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் நிகழ்ந்தது. அதனைத் தாங்கிய கடைசிப் பதிப்பான 6.6, நெடுங்காலம் பேணப்படும் பதிப்புகளுள் ஒன்று என்பதால், எஞ்சிய பயனர்க்குச் சில ஆண்டு அவகாசம் கிட்டிற்று. அதன் பின்னும் ஆர்வலர் சிலர் கெர்னலுக்கு வெளியே அதனைப் பேணி வருகின்றனர்.

2025 ஏப்ரலில் இங்கோ மோல்னார் மீண்டும் ஒரு முன்மொழிவுடன் வந்தார். இம்முறை 486 புராசஸர். 386-ஐ நீக்கியபோது எந்தத் திறன் 486-இல் உள்ளது என்று காட்டி வழிவிடப்பட்டதோ, அதே வகையில் 486-இல் இல்லாத திறன் எது என்று காட்டி அப்போது வழி கேட்கப்பட்டது. நேற்றைய நீக்கத்தின் எல்லைக்கோடு நாளைய நீக்கத்தின் தொடக்கம் ஆகிறது.

எது, எப்போது, ஏன், யார் என்னும் நான்கு வினாக்களுடன் அந்த அட்டவணை தொடங்கிற்று. அதில் யார் என்பது நீக்குபவரைக் குறித்தது. இருபது ஆண்டு நடைமுறை அந்த வினாவை வைத்துக்கொண்டு அதன் பொருளை மாற்றிவிட்டது. இன்னும் பயன்படுத்துபவர் யார், இனிச் சுமக்கப்போகிறவர் யார் என்ற இரண்டுக்கும் விடை கிடைத்தால், எப்போது என்பதற்கு விடை தானே கிடைத்துவிடுகிறது.